புஷ்பவல்லி சமைத்து வைத்த முப்பது நாள்

தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு மாதத்துக்கு ஒருவர் சமைத்து வைக்கலாமா? சமைக்கலாம், தடையொன்றுமில்லை. ஆனால் சமைத்ததை அந்த மாதம் வரை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது வேறு கேள்வி. துறைமுக ஊரான கிள்ளானின் பண்டமாரான் பகுதியில், வரிசை வீடு ஒன்றில் வாழ்ந்த புஷ்பவல்லியின் கடைசி ஆறு மாதங்கள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் கழிந்தன.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் இருபத்தாறு ஆண்டுகள் சமைத்தவர். கணவர் ரெங்கசாமி லோரி ஓட்டினார். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகள் வாணி துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மருமகன் பிரவின் சிங்கப்பூரில் இருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்துபோனதால் வாணி தாயோடுதான் இருந்தாள். புஷ்பவல்லியைச் சிறந்த சமையல்காரி என்று சொல்ல முடியாது. முந்நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. எதைச் செய்தாலும் ஒரே ருசிதான். சோறு நேரத்துக்கு வந்துவிடும் என்பதைத் தவிர அங்கே சாப்பிட்டவர்கள் அதைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

வாணி கர்ப்பமாக இருப்பது டிசம்பரில் தெரிந்தது. ஜனவரியில் புஷ்பவல்லிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். குழந்தை ஆகஸ்டில் பிறக்கும், அதுவரை இருப்பேனா என்று அவர் கேட்டபோது டாக்டர் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், டாக்டருக்குப் பொய் சொல்ல வரவில்லை, நல்ல பிள்ளை என்று புஷ்பவல்லி மகளிடம் சொன்னார்.

அன்றே இரண்டு முடிவுகளைச் சொல்லிவிட்டார். ஒன்று, சாவு வீட்டில்தான். குழாயும் ஒயருமாக ஆஸ்பத்திரியில் கிடக்க மாட்டார். வாணி கட்டிலொன்றை வாடகைக்கு எடுத்து ஹாலில் போட்டாள். வாரம் இருமுறை ஒரு தாதி வந்துபோக ஏற்பாடாயிற்று. இரண்டாவது, வாணியின் பத்தியச் சாப்பாட்டைத் தானே செய்து வைத்துவிடுவது.

பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் பத்தியம். பூண்டு, மிளகு, சுக்கு. பிறகு சுறாப் புட்டு. அதற்கும் பிறகு கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி. பிரவினுக்குத் தாய் இல்லை. பத்தியம் சமைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர்கள் கிள்ளானில் இருக்கிறார்கள் என்று வாணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். புஷ்பவல்லி காதில் வாங்கவில்லை.

ஆனால் உடனே தொடங்கவும் முடியவில்லை. உறையவைத்த குழம்பு மூன்று மாதம் தாங்கும், அதற்குமேல் பூண்டு கசந்துவிடும் என்பது கேண்டீனில் அவர் கற்றது. ஆகஸ்டில் சாப்பிட வேண்டியதை மே மாதத்துக்கு முன்னால் சமைக்கக் கூடாது. பிப்ரவரியில் அவரால் இரண்டு மணி நேரம் நிற்க முடிந்தது. மார்ச்சில் ஒரு மணி நேரம். மே மாதத்தில் நிற்க முடியுமா என்று யாருக்கும் தெரியாது. கையில் தெம்பு குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தபடி அவர் நாட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடப்பட்ட ஐஸ்கிரீம் கடையொன்றிலிருந்து பழைய ப்ரீசர் ஒன்றை வரவழைத்துப் பின்கட்டில் வைத்ததுதான் அந்த மாதங்களில் நடந்த ஒரே வேலை.

மே முதல் வாரம் அடுப்பைப் பற்றவைத்தார். முதல் நாளே தவறு. கண்ணளவாகப் போட்ட மிளகுக் குழம்பு பதினான்கு டப்பாக்களை நிரப்பியது. ஒருத்திக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. வாணியின் டீ மக்கை அளவாக வைத்துக்கொண்டு மறுநாள் மீண்டும் ஆரம்பித்தார்.

இன்னொரு சிக்கல், மருந்து அவர் நாக்கை எடுத்துவிட்டிருந்தது. எதை வைத்தாலும் இரும்பு நக்கியதுபோல இருந்தது. இவ்வளவு மிளகும் பூண்டும் சூடு என்பதால் கர்ப்பிணியான வாணிக்குக் கொடுத்துப் பார்க்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு லூசியைக் கூப்பிட்டார். லூசி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர், இவர் வயதுதான், விதவை. காரம் இல்லாத எதையும் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாதவர்.

“உப்பு எப்படி?”

“உப்பா? நீ போட்டியா?”

“பத்தியம் அப்படித்தான்.”

“அப்ப என்னை எதுக்குலா கூப்புடுற? பச்சைத் தண்ணியக் குடிச்சிட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறேன்.”

“சொல்லு. நீ எதைச் சொன்னாலும் நம்பித்தானே ஆகணும் நான்.”

லூசி கரண்டியைக் கழுவிவிட்டு மறுபடியும் ருசி பார்த்தார். இன்னும் ஒரு சிட்டிகை போடலாம் என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு. ஒவ்வொரு டப்பாவிலும் டேப் ஒட்டி நாள் எண் எழுதினார். கடைசி ஆறு டப்பாக்களை லூசி ஊரில் இல்லாத ஒரு நாளில், யாரையும் கேட்காமல் ஒரே மூச்சில் செய்து முடித்தார். மே இருபத்தெட்டாம் தேதி முப்பதாவது டப்பா உள்ளே போனது. அதற்குப் பிறகு அவர் அடுப்பருகே நிற்கவில்லை.

ஜூன் முதல் வாரம் ரெங்கசாமியின் அக்கா பவுனம்மாள் காப்பாரிலிருந்து பார்க்க வந்தார். எழுபத்து நான்கு வயது. கட்டிலருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டு, பின்கட்டுக்குப் போய் ப்ரீசரைத் திறந்து பார்த்தார். லூசியும் அப்போது அங்கே இருந்தார். பச்சை உடம்புக்காரிக்கு ஐஸ் கட்டிக் குழம்பா, நல்லா இருக்கு உங்க நியாயம் என்று பவுனம்மாள் சிரித்தார். பிறகு மூடியைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்து, பஸ் நேரம் சொல்லும் குரலில் சொன்னார்.

“புஷ்பா, தப்பா எடுத்துக்காத. உசிரு போன வீட்டுல சமைச்சு வச்சது எதையும் சாப்பிடக்கூடாது. தம்பி போனப்ப நான்தானே எல்லாத்தையும் எடுத்துக் கொட்டுனேன். நீ இங்க படுத்திருக்க, அது அங்க இருக்கு. பிள்ளை பெத்தவளுக்கு அதையா குடுக்கிறது?”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நீ என்னைக் கேட்டியா?”

உண்மைதான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பவுனம்மாள் சட்டியில் இருந்த குழம்பை மட்டுமல்ல, ப்ரீசரில் இருந்த பொரித்த மீனையும் குப்பையில் போட்டார். அதில் வன்மம் எதுவும் இல்லை. யாரோ செய்ய வேண்டிய காரியத்தை அவர் செய்தார், இனியும் செய்வார். அத்தை சொன்னால் வாணி மறுக்க மாட்டாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுக்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? முப்பது டப்பாக்களும் சாவன்று வெளியே போகும் என்பது அந்த ஹாலில் இருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பவுனம்மாள் போன பிறகு லூசி, தன் வீட்டு ப்ரீசர் காலியாகத்தான் கிடக்கிறது, இப்போதே எல்லாவற்றையும் தூக்கிப் போய்விடுகிறேன் என்றார். உங்கள் தீட்டு எங்கள் வீட்டுக்கு வராது என்று சிரிக்கவும் செய்தார். பத்து நிமிட வேலை.

“வேணாம்,” என்றார் புஷ்பவல்லி.

“ஏன்?”

“வேணாம்னா வேணாம், லூசி.”

பன்னிரண்டு நாள் போயின. வலி கூடியது. தாதி மருந்தின் அளவைக் கூட்டினார். பதின்மூன்றாம் நாள் காலை, வாணியைக் கூப்பிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொன்னார். வலியென்றால் மருந்து இருக்கிறதே என்று வாணி பதறினாள். வலிக்காக இல்லை என்றார். அதோடு நிற்கவில்லை.

“போனதுக்கு அப்புறம் என்னை இங்க கொண்டு வராதீங்க. அங்கேருந்து நேரா சுடுகாட்டுக்கு.”

ஐந்து மாதமாக வீடு வீடு என்று சொன்னவர் இப்படிக் கேட்டதை வாணியால் தாங்க முடியவில்லை. பெற்ற தாயை வாசல் மிதிக்க விடவில்லை என்று ஊர் தன்னைத்தான் பேசும் என்று அழுதாள். பேசட்டும், பேசிவிட்டுப் போகட்டும் என்றார் புஷ்பவல்லி.

அவர் எதற்குப் பயந்தாரோ அப்படித்தான் நடந்தது. எட்டு நாள், குழாயும் ஒயரும், இரண்டு பக்கமும் பச்சைத் திரை. எட்டு மாதக் கர்ப்பிணியை இரவில் வார்டில் தங்க விடவில்லை. ஒன்பதாம் நாள் விடிகாலையில் அவர் இறந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. உடல் வீட்டுக்கு வரவில்லை. பவுனம்மாள் கோபித்துக்கொண்டார், ஆனால் ப்ரீசரைத் தொடவில்லை. அந்த வீட்டில் உயிர் போகவில்லையே.

ஆகஸ்டு நான்காம் தேதி பெண் குழந்தை பிறந்தது. வாணி முப்பது டப்பாக்களையும் எண் வரிசைப்படியே சாப்பிட்டாள். கடைசி ஆறிலும் உப்பு வாயில் வைக்க முடியாத அளவுக்கு இருந்தது. சோற்றைக் கூடப் போட்டுப் பிசைந்து விழுங்கினாள். சூடு செய்து கொடுத்தவர் பவுனம்மாள், ஐஸ் கட்டி, ஐஸ் கட்டி என்று முணுமுணுத்தபடி.

அம்மா கடைசியில் பயந்துவிட்டார், அதனால்தான் ஆஸ்பத்திரி என்று வாணி நம்புகிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் வீட்டுக்கு வரவில்லை என்பது பவுனம்மாளின் கருத்து. இரண்டும் இருக்கலாம். டப்பாக்களுக்காக என்றால், அவற்றைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாலே போதுமே. அதற்குச் சம்மதிக்காமல் அவர் தன்னை அனுப்பிக்கொண்டார்.

அன்று காலை ஆம்புலன்சில் ஏற்றும்போது லூசி கேட்டுக்கு வெளியே நின்றார். குனிந்து, டப்பாவுக்காகவா போற, நான் இப்பவும் தூக்கிக்கிட்டுப் போறேன், நீ இறங்கு என்றார். புஷ்பவல்லி அவரைப் பார்த்தார்.

“வெயில்ல நிக்காத, உள்ள போ,” என்றார். ஆம்புலன்ஸ்காரரிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.