திரைத்துணியில் ஒரு நீடில் லைன்

அன்று பேக்கிங் ஹாலில் இருந்தவர்கள்:

பெரிய முதலாளி பழனிசாமி. ஸ்டிச்சிங் யூனிட் அவருடையது.

அவர் மனைவி சரசக்கா. செக்கிங் செக்‌ஷன் அவர் பொறுப்பு.

சின்ன முதலாளி சுப்பிரமணி. பெரியவரின் தம்பி. துணி ஓட்டும் நிட்டிங் யூனிட்டைப் பார்ப்பவர்.

வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் கயல். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்.

தினேஷ். ஒடிசாவிலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர்.

கட்டிங் மாஸ்டர், நான்.

ஆறு நாற்காலி போட்டிருந்தேன். சின்ன முதலாளியின் மனைவி கவிதாவும் வந்திருந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியவரின் கம்பெனிக்குள் இனி கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டிருந்தார்.

1. ட்ரெயினிங்

எங்கள் பனியன் கம்பெனி நல்லூரில். முதல் தடவை ஜப்பான் ஆர்டர் வந்தபோது அவர்கள் போக்கு எங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், கார்ட்டனே திரும்பி வந்தது. திட்டு வராது. ரொம்ப வருந்துகிறோம் என்று மெயில் வரும். பின்னாலேயே பீஸ் வரும். திட்டினால் திருப்பிப் பேசலாம், வருந்துகிறவனிடம் என்ன பேசுவது என்று பெரியவர் கேட்டார்.

கயல் கல்லூரியில் படம் பார்த்துப் பேசுகிற சங்கத்தில் இருந்த பெண். அந்த நாட்டில் பழைய டைரக்டர் ஒருவர் இருந்தார், அவர் படங்களைப் பார்த்தால் அந்த ஆட்கள் கொஞ்சம் பிடிபடுவார்கள் என்றது. பெரியவர் ஒத்துக்கொண்டார். படம் என்று சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள் என்று ட்ரெயினிங் என்று பேர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னலுக்குக் கறுப்பு பாலிதீன். புரொஜெக்டர் வாடகைக்கு. திரைக்கு சின்னவர் தன் மிஷினில் ஓட்டிய வெள்ளை சிங்கிள் ஜெர்சித் துணி கொடுத்தார். சதுரமாக வெட்டி நாலு ஓரமும் மடித்துத் தைத்தது நான்.

படம் கறுப்பு வெள்ளை. அடியில் இங்கிலீஷ் எழுத்து. கயல் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லும். எல்லாப் படமும் ஒரு வீடு, அதில் சில பேர். வருவார்கள், உட்காருவார்கள், இன்றைக்கு வெயில் நல்லா இருக்கு என்பார்கள், போவார்கள். நடுவில் ஆளே இல்லாத நடை, அடுப்பில் கெட்டில், கொடியில் துணி. கொஞ்ச நேரம் அதையே காட்டுவார்.

முதல் படத்தில் பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏங்கண்ணு, சண்டை எப்ப வரும்?"

"முடிஞ்சிட்டு சார்."

"எப்ப?"

"அந்தம்மா கதவை மெதுவா சாத்துனாங்கல்லா. அதாம் சார் சண்டை."

பெரியவர் ரீவைண்ட் பண்ணச் சொன்னார். கதவு சாத்துவதைத் திரும்பப் பார்த்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவர் தவறவில்லை.

கேமராவை அந்த டைரக்டர் இடுப்புக்குக் கீழே, தரையில் உட்கார்ந்த ஆளின் கண் உயரத்தில் வைப்பாராம். எனக்கு அது பிடித்தது. எங்கள் ஹாலில் பிசிறு வெட்டும் பெண்கள் தரையில்தான் உட்காருவார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லாருமே கொஞ்சம் பெரிய மனிதராகத் தெரிவார்கள். அவர் படத்திலும் அப்படித்தான். டீ ஊற்றுகிறவள்கூடப் பெரிய ஆளாகத் தெரிவாள்.

சரசக்காவுக்கு ஒரே சந்தேகம். எல்லாப் படத்திலும் அதே வீட்டைக் காட்டுகிறாரே, வேறு வீடு கிடைக்கவில்லையா என்று கேட்டார். வேறே வேறே வீடுதான், அவருக்கு இப்படி எடுத்தால்தான் பிடிக்கும் என்று கயல் சொன்னது. ஒரே பேட்டர்னை வைத்துக் கலரை மட்டும் மாற்றுகிறார், கெட்டிக்காரர் என்றார் பெரியவர்.

தினேஷுக்குத் தமிழும் அரைகுறை, இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது. ஆனால் யார் அழப் போகிறார்கள் என்று முதலில் சொல்வது அவர்தான்.

2. ரிஜெக்‌ஷன்

இந்த நிலையில்தான் நேவி ப்ளூ டி-ஷர்ட் லாட் பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் அடிபட்டது. காரணம் நீடில் லைன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நிட்டிங் மிஷினில் வட்டமாக ஊசிகள் நிற்கும். ஒன்று வளைந்தால் போதும், துணி நெடுக முடி மாதிரி ஒரு கோடு விழும். சாயம் ஏறும்வரை சில சமயம் கண்ணில் படாது.

பெரியவர் தம்பியைக் குற்றம் சொன்னார். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தன் மிஷினில் ஊசி சரி, சாயம் போடும் டையிங்கிலோ துணியை அழுத்தும் காம்பாக்டிங்கிலோ விழுந்த கோடு என்றார். பேச்சு வீட்டுக்குள் போனது. பழைய கதையெல்லாம் வந்தது. கடைசியில் பாகம் பிரிப்பது என்று முடிவானது. வரும் வியாழக்கிழமை தாய்மாமனைக் கூப்பிட்டு உட்காருவதாக ஏற்பாடு.

பாகம் பிரித்தால் மிஷின் மட்டும் பிரியாது. ஆளும் பிரியும். பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்க என்ற கூடத்தானுங்க மாஸ்டர் என்றார். சின்னவரும் கூப்பிட்டார். அவர் கட்டிங் டேபிள் புதிதாக வாங்கப் போகிறாராம். டேபிளில் வேலை கிடக்கிறது என்று இரண்டு பேரிடமும் நழுவினேன். இரண்டு பேரையும் டிரவுசர் போட்ட காலத்திலிருந்து தெரியும்.

ரிஜெக்ட் கார்ட்டன்களைப் பேக்கிங் ஹாலிலேயே அடுக்கினோம். வேறு இடம் இல்லை. அந்த ஞாயிறு படம் இருக்காது என்று நினைத்தேன். பெரியவர் நாற்காலி போடச் சொன்னார். சின்னவரும் வந்தார். அண்ணன் ஒரு ஓரம், தம்பி ஒரு ஓரம். நடுவில் நாங்கள் நாலு பேர்.

3. கோடு

அன்றைய படத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து குடைக்கடை நடத்துகிறார்கள். இதைத் தெரிந்து எடுத்து வந்தாயா என்று கயலிடம் கேட்டேன். இல்லை மாஸ்டர், வரிசைப்படி இதுதான் வருகிறது என்றது. முகம் வெளுத்திருந்தது.

படத்தில் தம்பி கோபித்துக்கொண்டு பட்டணம் போகிறான். மழை மாசம் ஒன்றில் திரும்பி வருகிறான். அண்ணன் கடையில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி வாசலில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில், மேலிருந்து கீழே மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு.

"நிறுத்து கண்ணு" என்றார் பெரியவர்.

கயல் படத்தை நிறுத்தியது. கோடு அப்படியே நின்றது.

பெரியவர் திரையைக் காட்டினார். தம்பியைப் பார்க்காமல் பேசினார். "பாத்தீங்களா மாஸ்டர். படம் பாக்கக் குடுத்த துணியிலயும் நீடில் லைன். இதையும் டையிங்காரன் மேல சொல்லச் சொல்லுங்க."

சின்னவர் எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

"மாஸ்டர், துணியைக் கழட்டுங்க. குறுக்க கட்டுங்க."

எனக்குப் புரிந்தது. துணியில் இருக்கிற கோடாக இருந்தால் துணியோடு சேர்ந்து படுத்துவிடும். நானும் தினேஷும் ஸ்டூல் போட்டு அவிழ்த்தோம். பக்கவாட்டு ஓரத்தை மேலே கொண்டுவந்து கட்டினோம். இறங்கி விலகி நின்றோம்.

கோடு படுக்கவில்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

பழைய பிலிம், ஓடி ஓடி விழுந்த கீறல் என்று கயல் மெதுவாகச் சொன்னது.

சின்னவர் ஜெயித்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர் எவரும் அந்த இடத்தில் நாலு வார்த்தை கேட்டிருப்பார். அவர் கேட்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார்ட்டன் அடுக்குக்குப் போனார். டேப்பைக் கிழித்து ஒரு பனியனை எடுத்தார். புரொஜெக்டர் முன்னால் வந்து, முன்பக்கத் துணியை மட்டும் விரித்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். நேவி ப்ளூவில் நெடுக ஒரு கோடு வெளிச்சமாகத் தெரிந்தது. அது ஊசிக் கோடு என்று செக்கிங்கில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது என்ற ஊசிதானுங்ண்ணா" என்றார். "அன்னிக்கே தெரியும். எல்லார்த்து முன்னாலயும் கேட்டீங்க. வாயில வர்ல."

பெரியவர் அந்தப் பனியனை வாங்கினார். பழக்கதோஷம், மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் உன்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கோணும்" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "சரசு, வெசாலக்கெழம வர வேண்டாமுன்னு மாமனுக்கு ஒரு போன் போட்டுரு."

"போட்டு என்னன்னு சொல்றதுங்க?"

"ட்ரெயினிங் இருக்குதுன்னு சொல்லு."

சரசக்கா சிரித்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அக்கா அழுவாங்க, முன்னாலேயே எனக்குத் தெரியும் என்று தினேஷ் தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்.

மீதிப் படம் பார்த்தோம். தம்பி உள்ளே வந்து உட்காருகிறான். எங்கே போனாய் என்று அண்ணன் கேட்கவில்லை. மழையில் நனைந்த குடையை வாங்கி விரித்துக் காயப்போடுகிறான். அந்தக் குடையையே ரொம்ப நேரம் காட்டினார்கள். முன்பானால் பெரியவர் சீக்கிரம் ஓட்டச் சொல்லியிருப்பார். அன்று யாரும் சொல்லவில்லை.

அந்த லாட் நஷ்டம் நஷ்டம்தான். ஜப்பான்காரர் வருந்திக்கொண்டேதான் இருந்தார். சின்னவர் அந்த மிஷினில் ஊசி செட்டையே மாற்றினார். நான் எந்தப் பக்கமும் போக வேண்டி வரவில்லை. பணி ஓய்வு வரை அதே டேபிளில் நின்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கோடு தெரிந்தால் உடனே ஆளைக் குற்றம் சொல்லாதீர்கள். முதலில் துணியைத் திருப்பிக் கட்டிப் பாருங்கள். ஊசிதான் என்று தெரிந்தால், ஊசிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல நாற்காலி போட்டேன். கவிதா காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தார். ஸ்டோரிலிருந்து இன்னொன்று எடுத்து வந்தேன்.

ஏழு.