பாஸ்போர்ட்டில் இருந்த கொண்டை

பாரிஸில் வேலை பார்க்கும் என் மகன், நான் அங்கே புறப்படுமுன் போனில் நான்கு பிரெஞ்சு வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தான். "யார்னா எதிர்ல வந்தா போன்ழூர் சொல்லு. மூட்டைன்னா பகாஜ், நன்றின்னா மெர்சி. சோர்த்தின்னு போர்டு இருக்கிற பக்கமே வந்துகினு இரும்மா, வெளிய நான் நிப்பேன்."

கணவர் இறந்தபின் பொதட்டூர்பேட்டை வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. அடுப்பைப் பார்த்தும் தறியைப் பார்த்தும் போன்ழூர் சொல்லிப் பழகினேன்.

விசா கிடைத்தால் முடி காணிக்கை தருவதாகத் திருத்தணி முருகனிடம் வேண்டியிருந்தேன். கிடைத்ததும் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டேன். அதை மகனிடம் சொல்லத் தோன்றவில்லை.

பாரிஸ் விமான நிலையத்தில் அதிகாரி, பாஸ்போர்ட் படத்தில் இருந்த கொண்டையையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார். வேண்டுதலைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. தெரிந்த நான்கையும் சொல்லிப் பார்த்தேன். தனியாக உட்காரவைத்துவிட்டார்கள். அவ்வளவு கூட்டத்தில் நான் இன்னார் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கடைசியில் விரல் ரேகையைச் சரிபார்த்து அனுப்பினார்கள்.

சோர்த்தி பலகையைப் பார்த்து வெளியே வந்தேன். மகன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் வருகிறவர்களிடையே அம்மாவைத் தேடினான்.

"டேய், நான்தான்டா."

"இன்னாம்மா இது, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று என் மொட்டைத் தலையைத் தடவினான்.

இப்போது ஊர் திரும்பிவிட்டேன். இனி எந்தக் காணிக்கையும் பயணம் முடிந்த பிறகுதான். மகன் அழைத்தால் வீடியோவில் என் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறேன்.