மூஞ்சூறு என்று சொன்னார்கள்

நான் விலங்கியல் படித்தவள். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்கு மருமகளாக வந்தபின், அந்தப் படிப்பு என்னைக் கேலி செய்யத்தான் பயன்பட்டது.

எனக்கென்று அங்கே இருந்தவை நாட்டுக்கோழிக் குஞ்சுகள்தான். மாட்டுக்கொட்டகை ஓரத்தில் மரப்பெட்டி, மேலே ஒரு குண்டு பல்பு. அவை வளர்ந்து விலைபோனால், ஒவ்வொரு செலவுக்கும் கணவரிடம் போய் நிற்க வேண்டியதில்லை.

ஒரு காலையில் தீவன மூட்டைக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பொடிசைப் பார்த்தேன். மூஞ்சூறுக்கு மூக்கு கூராக நீண்டிருக்கும், கண் கடுகளவு, போன இடமெல்லாம் நாறும். இதற்கு மழுங்கல் மூஞ்சி, முழித்த கண். சுண்டெலி என்றும் சொல்ல முடியாது, பின்னங்கால் பாதம் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு, வாலும் தடிமன். எலிக்குட்டியேதான். குட்டி இருந்தால் பெரியதும் பக்கத்திலேயே இருக்கும், அது கோழிக்குஞ்சை விட்டுவைக்காது.

அன்றே பொறி வைத்தேன். மாமியார் அதைத் தூக்கி வெளியே போட்டார்.

"மூஞ்சூறுக்குப் போயி பொறி வெப்பாங்களா அம்மணி? புள்ளையாரு வாகனம் அது."

"மூஞ்சூறு இல்லீங்க அத்தை. காலைப் பாருங்க."

மூட்டைக்குப் பின்னால் அது இன்னும் பதுங்கியிருந்தது. அவர் பார்க்கவில்லை. கணவர் குனிந்து நன்றாகவே பார்த்தார். "எலிக்குட்டியாட்டத்தான் இருக்குது" என்று என் காதோடு சொன்னார். பிறகு சத்தமாக, "அம்மா சொன்னா உட்டுரு, எதுக்கு வம்பு?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தால் ஒன்றுகூட உயிரோடு இல்லை. பாதியை இழுத்துப் போயிருந்தது, மீதி கழுத்து கடிபட்டுக் கிடந்தன.

மாமியார் எட்டிப் பார்த்தார். "சாமி வாகனத்துக்குப் பொறி வெச்சா சும்மா உடுமா?"

கணவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துத் தோட்டம் வரைக்கும் பழி என் பேரில்தான் போனது. எலிமேல் எனக்குக் கோபமில்லை, அது பசிக்குத் தின்றது. குனிந்து பார்த்தவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் களத்தில் காயப்போட்ட கொப்பரையில் பல் பட்டிருந்தது. கணவர் அன்றைக்கே பொள்ளாச்சி போய்ப் பொறிகள் வாங்கிவந்தார். உள்ளே வைக்கத் தேங்காய்ச் சில்லை மாமியாரே சுட்டுக் கொடுத்தார். மறுநாள் ஒரு குட்டி மாட்டியிருந்தது. மழுங்கல் மூஞ்சி, பெரிய பாதம்.

"எலிங்கம்மா" என்றார் அவர்.

"ஆமா கண்ணு, எலியேதான்."

பிள்ளையாரைப் பற்றி யாரும் பேசவில்லை. பொறியோடு அதை முக்கிக் கொல்ல ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோய் வைத்தேன்.