கைராசிக்கார ரீச்சர்

கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. அதுதான் அதன் பெரிய குறை. சும்மா கிடைக்கும் படிப்பில் என்ன இருக்கப் போகிறது என்று சனங்கள் நினைக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளி இங்கிலிஷ் பெயரோடு ஒரு நேசரி, வாசலில் பிளாஸ்டிக் சறுக்கு மரம். எங்களுக்கு அரசாங்கம் தந்த ஒற்றை அறை, சுவரெல்லாம் ஈரம். ஆனால் என்னிடம் படித்த பிள்ளை ஒன்றுகூட முதலாம் தரத்துக்கு அழுதுகொண்டு போனதில்லை. பெருமை பேசுகிறேன் என்பார்கள். பேசத்தான் செய்கிறேன்.

ஜனவரியில் பதினைந்து பிள்ளைகளாவது சேராவிட்டால் அறையைப் பூட்டிவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். பள்ளி நடக்கும் அந்தக் காலை நேரமும் போய்விட்டால் வீட்டில் நான் யாரோடு கதைப்பது? மகன் மெல்பேர்னில். அவனை நானும் இங்கிலிஷ் நேசரிக்குத்தான் அனுப்பினேன். யாரைக் குறை சொல்ல?

விஜயதசமி அன்று மனம் குளிர்ந்தது. ஏடு தொடக்க இருபத்துமூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொன்றாக மடியில் இருத்தி, விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் 'அ' எழுதுவித்தேன். பக்கத்தில் சேர்க்கைப் படிவங்களையும் வைத்திருந்தேன். எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஒரு தகப்பன் அதிலேயே அவலும் கடலையும் சுற்றிக்கொண்டு போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ அன்று பின்னேரமே பிள்ளைகள் உட்காரப் புதுக் கதிரைகள் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன்.

ஜனவரியில் வந்தது நான்கே பிள்ளைகள். வாசலையே பார்த்துக்கொண்டு ஒரு மாதம் போனது. மாத முடிவில், அன்று ஏடு தொடக்கிய ஒரு சிறுமி கழுத்தில் டை கட்டிக்கொண்டு தாயோடு எங்கள் வாசலைக் கடந்தாள். என்னைக் கண்டதும் தாய் நின்றார்.

"குறை நினைக்காதேங்கோ ரீச்சர். உங்கட கைராசி நல்லது எண்டு எல்லாரும் சொன்னவை. அதுதான் ஏடு தொடக்க உங்களிட்டக் கொண்டுவந்தனாங்கள். படிக்கிறதுக்கு இங்கிலிஷ் வேணுமல்லோ?"

"ஓம்" என்றேன்.

"இவவின்ர தம்பிக்கும் இந்த வருசம் நீங்கள்தான் தொடக்கிவிடோணும். இங்கதானே இருப்பீங்கள்?"

சாவியை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம் அன்று காலைதான் வந்திருந்தது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஒரு துண்டுத் தாளில் என் வீட்டு விலாசத்தை முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். வருசத்தில் ஒரு நாளாவது என் வீட்டில் ஒரு பிள்ளையின் சத்தம் கேட்கட்டும்.