சுழல்களை அழித்த அத்தான்

கடல் ஆய்வு நிலையத்தில் அவளைச் சுழலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. மூன்று பக்கமும் நிலம் வளைத்துக்கொண்டு, ஒரே ஒரு குறுகிய நீரிணை வழியாக மட்டும் பெருங்கடலுக்கு வாய் திறந்திருந்த கடல் அவர்களுடையது. அதன் நீரோட்டங்களைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. பேச்சு எங்கே தொடங்கினாலும் சுழல்களில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். ஓட்டம் உடைந்து சுழலாகப் பிரிகிற இடத்தில்தான் இந்தக் கடலின் பாதி பலம் இருக்கிறது என்பது அவள் கட்சி.

அவளை அங்கே சேர்த்துவிட்டவர் அக்காவின் கணவர், நீரோட்டப் பிரிவின் தலைவர். வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார். பேச ஆரம்பித்தால் கூட்டமே வாய் பிளந்து கேட்கும். ஆனால் சொந்தமாக ஒரு கணக்குப் போட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. கடலைக் கணினிக்குள் ஓடவிடுகிற மாடலை முதல் வரியிலிருந்து எழுதியவள் அவள்தான். குளிரூட்டிய கணினி அறையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, நீரிணையின் அடித்தரை மேட்டைச் செதுக்கிச் செதுக்கிச் சரிசெய்தாள். பாதி ஓட்டத்தில் மாடல் வெடித்து எண்களெல்லாம் குப்பையாகும் போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

அந்த மாடலைப் பற்றிய அறிக்கை அச்சாகி வந்தபோது அட்டையில் அத்தான் பெயர் மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில், அட்டை வரைந்தவருக்கும் வண்டி ஓட்டியவருக்கும் நடுவில், ‘கணினி உதவி’ என்று அவள் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டேவிட்டாள். அத்தான் சிரித்தார்.

“குடும்பத்துக்குள்ள என்னம்மா உன் பேரு, என் பேருன்னு? என் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானே?”

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளாவது ஏதாவது சொல்வாள் என்று சுழலம்மா பார்த்தாள். அக்கா தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டாள். சுழலம்மாவுக்கு அதுதான் இன்னும் எரிந்தது. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள் அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டாள்: இந்த மனுஷனை ஊர் பார்க்கத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை.

வழியை அவரே போட்டு வைத்திருந்தார். மேலதிகாரிகளுக்கு மாடலைக் காட்ட அவசரம் வந்தபோது, அது வெடிக்காமல் சீக்கிரம் ஓடி முடிய வேண்டும் என்பதற்காக, உராய்வைக் கூட்டச் சொன்னார். தண்ணீரைத் தேன் போலக் கெட்டியாக்குகிற வேலை அது. சுழல்களின் சக்தி அத்தனையும் செத்துவிடும் என்று அவள் அப்போதே சொன்னாள். “படம் அழகா இருக்கு, அது போதும்,” என்றார் அவர். அழகாகத்தான் இருந்தது. கரையோரமாக ஒரே பட்டை நீரோட்டம், வாய்க்கால் வெட்டியது போல, நேரே நீரிணைக்குப் போனது.

அவள் சண்டை போடவில்லை. முகத்தில் சிரிப்பு மாறாமல் வேலைக்கு வந்தாள். வேலை நேரம் தாண்டிய பொழுதுகளில் உராய்வைக் குறைத்து, கடலைப் பிரித்திருந்த கட்டங்களைப் பொடிப்பொடியாக்கி, மாடலைப் புதிதாக ஓடவிட்டாள். அதே பட்டை நீரோட்டம், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த தலைநிலத்தைத் தாண்டியதும் நெளிந்தது, உடைந்தது, பெரிய சுழலாகச் சுருண்டுகொண்டது. அந்தச் சுழலை வாய்க்குள் அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தால் எந்தக் கரைக்குப் போகும், மீட்புப் படகுகளை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் நேரம் வந்தது. அதற்கு முன் ஒரு சோதனை. மிதவைகளைக் கடலில் விடுவார்கள். அவை போகும் பாதை அரங்கத்துப் பெரிய திரையில் தெரியும். எல்லாம் நீரிணை வழியாக வெளியேறிவிடும் என்று அத்தான் மேடையில் நின்று அடித்துச் சொன்னார். முன் வரிசையில் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஒவ்வொரு வார்த்தையாக வந்து மாட்டிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க உள்ளே இனித்தது.

அடுத்த கூட்டத்தில் திரையைப் போட்டார்கள். மிதவைகள் தலைநிலம் வரை ஒழுங்காக வந்து, அதன் பிறகு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன, செக்கு மாடு மாதிரி. ஒன்றுகூட நீரிணைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அரங்கத்தில் யாரோ மூக்கால் சிரித்தார். காரணம் கேட்டார் நிலைய இயக்குநர். அத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. மாடல் உன்னோடதுதானே.”

அவள் எழுந்து நின்றாள்.

“அட்டையில அப்படிப் போடலையே சார்.”

அதற்குப் பிறகுதான் தன் புது ஓட்டத்தைத் திரையில் போட்டாள். அவள் வரைந்த சுழலின் மேல் மிதவைகளின் பாதை அச்சாகப் பொருந்தியது. அடுத்த மாதமே அத்தானைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் நாற்காலி அவளுக்கு வந்தது.

அக்கா போனில் கிழித்து எடுப்பாள் என்று எதிர்பார்த்தாள். போன் வரவில்லை, ஆளே வந்தாள். காலணியைக் கழற்றக்கூட இல்லை, வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

“அவர் டாக்டர் பட்டத்துக்குக் கணக்கெல்லாம் யார் போட்டதுன்னு நினைச்ச?”

சுழலம்மா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

“நீயா? ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லலை?”

“சொல்லி? கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு எழுதிக் கொடுத்தேன். உனக்காவது கடைசிப் பக்கத்துல ஒரு வரி கிடைச்சுது.” அக்காவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “வீட்டுல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கார். நாளைக்கோ மறுநாளோ உன்கிட்ட வருவார். பழையபடி பிரிவுல ஒரு மூலையில சேர்த்துக்கோன்னு கெஞ்சுவார். உடனே இளகிடாதே.”

சொன்னபடியே வந்தார். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் செயலாளர் வந்து சொன்னாள். கணினித் திரையில் நீரிணைப் பக்கத்தில் ஒரு புதுச் சுழல் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது; சுழலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அது முழுசாக உருண்டு திரளும்வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் திரும்பவும் எட்டிப் பார்த்தாள். அவர் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டாள்: “வந்துட்டார்க்கா, எவ்வளவு நேரம் உட்கார வைக்கணும்னு நீயே சொல்லு.”