பார்த்தே கட்டியைக் கரைத்தவர்கள்

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கொரு கருத்தரங்கு உண்டு. நிர்வாகத்துக்குப் போட்டோ வேண்டும், ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் வேண்டும், பேச வருகிறவர்களுக்குச் சால்வையும் கல்வராயன் மலையில் இரண்டு நாள் தங்கலும் வேண்டும். அறிவியல் வேண்டும் என்று கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அந்த ஆண்டுத் தலைப்பு ‘பிரபஞ்சம், மனம், புற்றுநோய்’. மேடையில் மூன்று பேர். ஒருவர் ஓய்வுபெற்ற கோட்பாட்டு இயற்பியலாளர். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்று ஆயுள் முழுக்கச் சமன்பாடு எழுதியவராம். அவரை எல்லோரும் பெரியவர் என்றார்கள். இன்னொருவர் உளவியல் பேராசிரியை. மூன்றாமவர் புற்றுநோய் மருத்துவர். மூவரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்கிறார்கள். ஆராய்ச்சியின் சாரம் இதுதான்: எலக்ட்ரானை நாம் பார்க்கும்போது அது வேறு மாதிரி நடந்துகொள்கிறது, ஆகவே கட்டியை மனத்தால் தொடர்ந்து பார்த்தால் கட்டியும் நடத்தையை மாற்றிக்கொள்ளும்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது சுட்டது. எலக்ட்ரானைப் பார்ப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அன்போடு பார்ப்பது அல்ல. ஒரு கருவி அதோடு மோத வேண்டும், எதையாவது அதன் மேல் விட்டு அடிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அங்கே பார்வை. இதை முதலாண்டுப் பையனே தேர்வில் எழுதுகிறான். பெரியவருக்கா தெரியாது? தெரியும். தெரிந்துகொண்டேதான் சொன்னார். பக்கத்தில் இருந்த மருத்துவர் அதைவிட மோசம். கட்டி என்றால் என்ன என்று வாழ்நாள் முழுக்க அறுத்துப் பார்த்தவர், மேடையில் முந்திரி தின்றுகொண்டு தலையாட்டினார்.

கூட்டம் முடிந்து திரும்பினால் கடைசி வரிசையில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சங்கராபுரம் பஸ் நிலையத்தில் கட்டியிருந்த பேனரில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் வந்திருக்கிறார்.

அண்ணனுக்கு நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். ஹான்ஸ் புகையிலை போட்டுப் போட்டு வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, நாக்கில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கழுத்துக்கு இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் பொங்கல் போகட்டும், அது போகட்டும், இது போகட்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தார். அன்று வெளியே வந்ததும் முகமெல்லாம் மலர்ச்சி.

“பாப்பா, இன்னாத்துக்கு வெட்டிக்கினு? அதான் பெரியவரு வழி சொல்றாரே.”

“அந்த ஆளு சொல்றது பொய்ண்ணா.”

“உன் சப்ஜெக்ட்டுல உன்னவிடப் பெரிய ஆளு. நீ வூட்டுக்கு வந்து ஃபேன் ரெகுலேட்டர மாட்டத் தெரியாம நின்னவதானே?”

அது உண்மை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்த வாரம் அண்ணி போன் செய்தார். “உங்க அண்ணன் மலைக்குப் பூட்டாரு. கரியாலூர்ல அந்தப் பெரியவரு கேம்ப்பாம். துணிய மூட்ட கட்டிக்கினு போய்ட்டாரு. நீ போய் இட்டுக்கினு வா. எனக்கு உக்காந்தா நிக்க முடியல, நின்னா உக்காரவும் முடியல.”

பஸ் பிடித்துக் கல்வராயன் மலை ஏறிக் கரியாலூர் போனேன். வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வரும். அன்றைக்குக் கோபத்தில் அதுகூட வரவில்லை. விடுதிப் புல்வெளியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டு நோயாளிகளை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் கட்டியோடு ஒரு பாட்டி, மார்பைத் துண்டால் மூடிய ஒரு பெண், இன்னும் சிலர். நடுவில் என் அண்ணன், கண்ணை இறுக மூடிக்கொண்டு, குல்லா போட்டுக்கொண்டு. உளவியல் அம்மா மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: “உங்கள் கட்டியை வெறுக்காதீர்கள். அன்போடு பாருங்கள். அது உங்கள் விருந்தாளி.”

அண்ணன் வீட்டில் விருந்தாளி மூன்றாம் நாள் தங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரியவர் வராந்தாவில் இருந்தார். அவரிடம் போய், இந்தச் சோதனையில் பார்க்காமல் இருக்கும் ஆட்கள் எங்கே, அவர்களோடு ஒப்பிடாமல் எதை வைத்து முடிவு சொல்வீர்கள் என்று கேட்டேன். “நோயாளிகளை அப்படிப் பிரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை அம்மா” என்றார். இவர்களுடைய ஆபரேஷனை நிறுத்தச் சொன்னீர்களா என்று கேட்டேன். “நாங்கள் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களே முடிவெடுக்கிறார்கள்” என்றார். நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கிய தாளிலும் அப்படித்தான் இருந்தது. மருத்துவரைத் தேடினேன். மேகம் அருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. பெரியவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். “சர்க்கரையை ஐயா பார்த்தே குறைக்கக் கூடாதா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. “அது வேறு தளம் அம்மா” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். எனக்கு ஆதரவாக அண்ணன் ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், “சக்கர வேற, கட்டி வேற. படிச்சவ மாதிரியா பேசற?” என்றார்.

சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக அண்ணனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். டீ சூடாக இருந்தது. அவர் வாயில் வைக்க முடியாமல் ஊதிக்கொண்டே இருந்தார். புண்ணில் பட்டால் எரியும். ஆறிய பிறகும் ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் குடித்தார்.

“நெசமா சொல்லு. கட்டி கரையும்னு நீ நம்பறியா?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “இங்க ஒருத்தனும் என் நாக்க வெட்றேன்னு சொல்லலியே” என்றார். “நான் தரகன், பாப்பா. நாக்கு இல்லாத தரகன எவன் கூப்புடுவான்? ஊமையனாட்டம் சந்தையில நிக்கவா?”

அந்த உளவியல் அம்மா ஒவ்வொருவருக்கும் தாள் தாளாகக் கேள்வி கொடுத்திருந்தார். நேற்று எத்தனை முறை சிரித்தீர்கள், வானத்தைப் பார்த்தால் எப்படி இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறாய் என்ற ஒரு கேள்வி அதில் இல்லை. உளவியல் வேறு எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை.

அண்ணன் மாட்டுத் தரகர். வாரச் சந்தையில் மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையையும் விற்கிறவர் கையையும் தரகர் மாறி மாறித் துண்டுக்குள் பிடிப்பார். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் விலை. மடக்கினால் குறைப்பு. எதையும் பிடிக்காமல் கையை விட்டுவிட்டால், இந்த உருப்படிக்கு விலையே கிடையாது என்று பொருள். சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டுக்குள் நடந்தது யாருக்கும் தெரியாது. அங்கே முடித்த பேச்சிலிருந்து பின்வாங்கியவனை மறுவாரம் எவனும் பக்கத்தில் சேர்க்க மாட்டான். அண்ணன் ஒரு முறைகூடப் பின்வாங்கியதில்லை. அது ஒன்றுதான் அவருக்குப் பெருமை.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கை மேல் போட்டேன்.

“இன்னா பண்ற? பொம்பள கைய எவனும் துண்டுக்குள்ள புடிக்கமாட்டான்.”

“நான் மாடு வாங்க வரல. புடி. ஒரு வெரலு ஒரு வாரம். எத்தினி வாரத்துல ஆஸ்பத்திரிக்கு வர?”

டீக்கடைக்காரர் பார்த்தார். அண்ணனுக்கு வெட்கம். இருந்தாலும் கை தானாக உள்ளே வந்தது. தொழில் புத்தி. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். நான் கையை உதறிவிட்டு அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். அவர் மூன்றைப் பிடித்தார். நான் ஒன்றையே பிடித்தேன். “தரகு பேசத் தெரியாதவகூட இன்னாத்த பேசறது” என்று முணுமுணுத்தபடி இரண்டைப் பிடித்தார். நான் அந்த இரண்டில் ஒன்றை மடக்கினேன். அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

“இதுவரைக்கும் நாக்காலயா பேசின?” என்று கேட்டேன்.

அவர் கையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போய் மறைந்தது. அதற்குப் பிறகு என் சுண்டுவிரலை மட்டும் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார்.

சொன்ன வாரத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. அந்த மெஷினுக்குள் எலக்ட்ரானைத்தான் விரட்டுகிறார்கள். விரட்டி ஓர் உலோகத்தின் மேல் மோதவிட்டு, அதில் வரும் கதிரை அளந்து கட்டி இருந்த இடத்தில் விடுகிறார்கள். யாரோ எங்கோ உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆட்களுக்கு எந்தக் கல்லூரியும் சால்வை போர்த்தியிருக்காது. நான் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே எலக்ட்ரான்தான். ஒருத்தன் அதை வைத்து வைத்தியம் செய்கிறான், ஒருத்தன் அதை வைத்துப் பிழைப்பு நடத்துகிறான்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். பேச்சு குழறியது. ர, ல, ட எதுவும் சரியாக வரவில்லை. சந்தையில் சிலர் கிண்டல் செய்தார்கள். துண்டுக்குள் கையை விட்டதும் அடங்கிவிட்டார்கள்.

மறு ஆண்டு அதே மூன்று பேரை நிர்வாகம் மறுபடி அழைத்தது. போன ஆண்டுப் போட்டோ நன்றாக வந்திருந்ததாம். அண்ணன், தானும் வருவதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பெரியவர் திரையில் முடிவுகளைக் காட்டினார். கோடுகள், வண்ணங்கள். அதில் ஒரு வரி: சங்கராபுரம் பகுதி விவசாயி, நாக்கில் கட்டி, பார்வைப் பயிற்சிக்குப் பிறகு கட்டி முற்றிலும் இல்லை.

தரகரை விவசாயி ஆக்கியிருந்தாலும், அது அண்ணன்தான் என்று எனக்கு உடனே புரிந்தது. ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து அந்த உளவியல் அம்மாவின் மாணவி ஒருத்தி அண்ணிக்குப் போன் செய்து விசாரித்தாள் என்று அண்ணி சொல்லியிருந்தார். “கட்டி இருக்குதாங்கன்னு கேட்டுச்சு. இல்லீங்க, சுத்தமா போய்ட்ச்சுன்னேன். ரொம்ப சந்தோசம்னு வெச்சுட்ச்சு.” எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

நான் எழுவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். நேராக மேடை ஏறினார். பெரியவர் முன்னால் நின்று, சந்தையில் மாட்டின் வாயைப் பிடித்துப் பல் காட்டுவது போல, இரண்டு கை விரல்களாலும் தன் வாயை அகல விரித்துக் காட்டினார். மீதி நாக்கு, தைத்த தழும்பு, பல் பிடுங்கிய பள்ளம் எல்லாம் விளக்கொளியில் தெரிந்தன. முன்வரிசையில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வெட்டி எடுத்தாங்க” என்றார் அண்ணன். ‘வெத்தி எதுத்தாங்க’ என்றுதான் வந்தது. மைக்கிலும் சொன்னார். மருத்துவருக்கு மட்டும் புரிந்தது. அந்த வாயைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் குனிந்து தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

பெரியவர் எழுந்து அண்ணனின் தோளில் கை போட்டார். “பாருங்கள், எங்கள் நோயாளியே நன்றி சொல்ல நேரில் வந்திருக்கிறார். மனத்தின் வலிமைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?” என்றார். அரங்கம் கை தட்டியது. எங்கள் முதல்வர் எழுந்து நின்றே தட்டினார். போட்டோ எடுத்தார்கள். அது இன்றும் கல்லூரி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது.

அண்ணன் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் மருத்துவர் பேச ஆரம்பித்தார். அண்ணன் துண்டை எடுத்து எங்கள் கை மேல் போட்டார். பெரியவரைப் பார்த்துத் தாடையை ஒரு முறை தூக்கிக் காட்டினார். என் கையைப் பிடித்தார். ஒரு விரலையும் பிடிக்கவில்லை. விட்டுவிட்டார்.