மூன்றேகால் மணி நேரம்

எங்கல்பெர்ட் சேலே முப்பத்தோரு வருடம் வாடூஸில் பயணிகள் தகவல் மேசையில் உட்கார்ந்திருந்தார். லீக்டென்ஸ்டைனுக்கு வருகிறவர்கள் யாரும் அதிகம் தங்குவதில்லை. வண்டியை விட்டு இறங்கும்போதே கிளம்புகிற நேரத்தைக் கேட்பார்கள். ஒரு மணி நேரம் இருப்பவருக்கு ஒரு தாள், அரை நாள் இருப்பவருக்கு இன்னொரு தாள் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அவர் தாளை நம்பிப் போன யாரும் பேருந்தைத் தவறவிட்டதில்லை.

கடைசியாக அவர் எழுதிய தாள் அக்கா அல்வீனாவுக்காக. ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து, 2009 செப்டம்பரில். எழுபத்து நாலு வயதான அல்வீனா ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து ஒரு முதியோர் குழுவோடு ஐரோப்பா சுற்ற வந்திருந்தாள். குழுவின் பேருந்து பதினாறாம் தேதி, புதன்கிழமை, பதினொன்றரைக்கு வாடூஸ் வரும். இரண்டே முக்காலுக்கு லூசெர்ன் கிளம்பிவிடும்.

தாளை ஒன்பது முறை திருத்தி எழுதினார். பதினொன்று நாற்பதுக்குப் பேருந்து ஏறி, மலைச்சரிவில் இருக்கிற ட்ரீசன்பெர்க் வீட்டில் சாப்பாடு. பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு இன்னும் மேலே ஷ்டெக், அம்மா புல் அறுத்த மேட்டைப் பார்க்க. பிறகு ட்ரீசன்பெர்க்குக்கே திரும்பி, ‘கல்லறைத் தோட்டம், 1.55 முதல் 2.15 வரை.’ அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

அம்மாவின் அடக்கம் 1978 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு நடந்தது. அடிலெய்டிலிருந்து அல்வீனா அன்று மாலை ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தாள். அவள் வருவது தெரிந்ததும் பங்குச் சாமியார் தாமாகவே, "வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாமே, எங்கல்பெர்ட். அவ வந்துடட்டும்" என்றார். பத்திரிகையில் அறிவிப்பு அச்சாகிவிட்டது, நேரத்தை மாற்றினால் குழப்பம் என்று மறுத்தவர் எங்கல்பெர்ட்தான். மூடிய குழியின் முன்னால் நின்று அக்கா, "சாமியார் ஒத்துக்கலையா?" என்று கேட்டபோது அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். மூன்றாம் நாள் கிளம்பிப் போனவள் அதன்பின் ஊருக்கு வரவேயில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தத் தலையாட்டலை அக்காவிடம் ஒப்புக்கொள்ள அவருக்கு வேண்டியது இருபது நிமிடம்.

குழுவின் பேருந்து பதினொன்று இருபத்தெட்டுக்கே வந்தது. தாளை வாங்கிப் பார்த்த அல்வீனா சிரித்தாள்.

"டேய், மூச்சு விட எத்தனை நிமிஷம் போட்டிருக்கே?"

"பஸ்ஸில விட்டுக்கலாம். வா."

வீட்டில் பாலாடைக்கட்டி உருக்கிய மாவுருண்டையும் ஆப்பிள் மசியலும் செய்து வைத்திருந்தார். அல்வீனா இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, அம்மாவின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள்.

"அம்மா கைப்பக்குவம் உனக்கு வரலடா. ஆனா திங்கலாம்." கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஒரு நாள் தள்ளிப்போட அந்தச் சாமியார் நிஜமாவே முடியாதுன்னாரா? நீ கேட்டியா?"

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பத்தாறு. நிறுத்தத்துக்கு நாலு நிமிட நடை.

"அதைக் கல்லறையில பேசிக்கலாம்க்கா. இப்போ கிளம்பினாத்தான் பஸ் கிடைக்கும்."

"ஷ்டெக் எங்கடா ஓடிப்போயிடப் போவுது? எனக்கு முட்டி வலிக்குது. இங்கேயே உக்காந்துக்கறேனே."

"எல்லாம் கணக்கா போட்டிருக்கு."

 அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். ஷ்டெக்கில் மழை தூறியது. நிறுத்தத்தின் கூரையடியிலேயே இருபது நிமிடம் நின்றார்கள். புல்மேடு தெரியவில்லை.

ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். வாங்கி வந்த பூவை அல்வீனா அம்மாவின் கல்லறையில் வைத்து ஜெபித்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்குள் அவள் பூவில் பாதியை எடுத்துக்கொண்டு, தேவாலயச் சுவரோரம் இருந்த பங்குச் சாமியாரின் கல்லறைக்கு நடந்தாள்.

"முப்பத்தோரு வருஷமா இந்த மனுஷனை நான் திட்டாத திட்டு இல்ல," என்றாள், குனிந்து பூவை வைத்தபடி. "போதும். நானும் போற வயசுதான். மன்னிச்சிட்டேன்னு நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

"அக்கா..."

"என்னடா, நேரமாச்சா?"

இரண்டு மணி ஆறு நிமிடம். இன்னும் ஒன்பது நிமிடம் மீதி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதில் முதுகிலிருந்து விறகுக் கூடையை இறக்கி வைத்ததும் இருக்குமே, அந்த முகம்.

"ஆமா," என்றார். "போலாம்."

வாடூஸ் நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம் முன்னதாகவே நின்றார்கள். அல்வீனா அவர் கன்னத்தைத் தட்டினாள்.

"சொன்ன நேரத்துக்குக் கொண்டுவந்து சேத்துட்டடா. நீ மாறவேயில்ல."

பேருந்து சரியாக இரண்டு நாற்பத்தைந்துக்குப் புறப்பட்டது. அது ரைன் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை கையசைத்தார்.

அடுத்த வண்டியில் மேலே போனார். சாமியாரின் கல்லறை முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றுகொண்டு, அக்காவிடம் சொல்ல வைத்திருந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். யாரும் குறுக்கிடவில்லை. இருபது நிமிடம் தேவைப்படவில்லை, நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அங்கே படுத்திருந்தவருக்குத் தெரியாத செய்தி அதில் ஒன்றுமில்லை.